சுண்ணாம்புக்கல் காட்டில் ராட்சத நத்தையை எண்ணுவது எப்படி

முதல் ராத்திரி குறிப்பேட்டில் 41 என்று எழுதினேன். மறுநாள் காலையில் அதே பாதையில் போனபோது கூட வந்தவர் ஓர் ஓட்டைக் கையில் எடுத்தார். உள்ளேயிருந்து நத்தையின் சதைக்குப் பதில் ஒரு கொடுக்கு நீண்டு வந்து அவர் கையுறையைக் கவ்விக்கொண்டது. துறவி நண்டு. செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியேறி, ராத்திரி முழுக்க அதை இழுத்துக்கொண்டு மேய்கிற நண்டு. நான் டார்ச் வெளிச்சத்தில் ஓடு தெரிந்தால் ஒன்று, இன்னோர் ஓடு தெரிந்தால் இரண்டு என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அந்த 41இல் நண்டு எத்தனை, நத்தை எத்தனை என்று இன்றுவரை தெரியாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை புகுந்துவிட்ட ஒரு சுண்ணாம்புக்கல் காட்டில் அதை எண்ணவோ குறைக்கவோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்டை நிர்வகிக்கிறவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வாங்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை.

சுண்ணாம்பு ஏன் முக்கியம்

இந்த நத்தையின் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. ஓடு வழக்கமாக 5 முதல் 10 சென்டிமீட்டர், அபூர்வமாக 20 வரை போகும். அவ்வளவு பெரிய ஓட்டைக் கட்ட நிறைய கால்சியம் வேண்டும். மற்ற இடங்களில் அது சுவரின் காரையை அரிக்கும், எலும்பைச் சுரண்டும், செத்த நத்தைகளின் ஓட்டைக்கூடத் தின்னும். சுண்ணாம்புக்கல் காட்டில் அதற்கு அந்தக் கஷ்டமே இல்லை, காலடியில் இருப்பது முழுக்கக் கால்சியம்தான்.

ஆனால் அதே காரணத்தால்தான் இந்தக் காடுகளில் உள்ளூர் நத்தைகளும் ஏராளம். பல இனங்கள் அரிசி மணி அளவுகூட இருக்காது. ஒரே ஒரு குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனங்களும் உண்டு. ஆகவே தோட்டத்தில் தூவுகிற நத்தை மருந்தை இங்கே தூவலாமா என்று கேட்டால் என் பதில் கூடாது என்பதுதான். அந்த மருந்துகளில் இருக்கும் மெட்டால்டிஹைடு என்ற நஞ்சுக்கு வந்தேறி நத்தை, உள்ளூர் நத்தை என்ற வித்தியாசம் தெரியாது. இரும்பு பாஸ்பேட் மற்ற விலங்குகளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்பார்கள், சரி, ஆனால் உள்ளூர் நத்தையை அதுவும் கொல்லும். உப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் துளையும்தான் அதிகம். மேலே கொட்டுவது எதுவானாலும் அடுத்த மழையில் குகைக்கும் நிலத்தடி நீருக்கும் போய்விடும்.

இன்னொரு விஷயம் எண்ணுகிறவர்களுக்கு. அமிலத்தன்மை உள்ள மண்ணில் காலி ஓடு சீக்கிரம் கரைந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தரையெல்லாம் ஓடாகக் கிடக்கிறதே, நத்தை பெருகிவிட்டது போல என்று பதறக் கூடாது. எப்போதோ செத்தவையும் அதில் சேர்த்தி. பளபளப்பும் பழுப்புக் கோடுகளும் இருந்தால் அண்மையில் செத்தது. மேல்தோல் உரிந்து சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தால் பழசு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

அதே நத்தைதானா?

நிறத்தை நம்ப வேண்டாம். பழுப்பில் கருங்கோடுகள் என்று படத்தில் இருக்கும், காட்டில் பாசியும் சுண்ணாம்புத் தூளும் அப்பி எல்லா ஓடும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். நான் பார்ப்பது நடுத்தண்டை.

ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். பெரும்பாலும் வாய் வலது பக்கம் இருக்கும். வாயின் உள்விளிம்பில் மேலிருந்து கீழே வழவழப்பாக ஒரு தண்டு இறங்கி வரும், சுருள் மொத்தமும் சுற்றுவது அதைத்தான். வேறு பல நத்தைகளில் அந்தத் தண்டு அடியில் வளைந்து வாய் விளிம்போடு கலந்துவிடும். இதில் அப்படிக் கலக்காது, கத்தியால் நறுக்கியதுபோல் சட்டென்று நின்றுவிடும். கையுறை போட்ட சுண்டுவிரல் நுனியால் தடவினால் அந்த வெட்டு தட்டுப்படும். வளர்ந்ததில் 7 முதல் 9 சுருள் இருக்கும். குட்டியில் சுருள் குறைவு, ஆனால் அந்த வெட்டு அதிலும் உண்டு. உயிருள்ள நத்தை வாயை அடைத்துக்கொண்டு தண்டைக் காட்டாது. சதையைக் கையுறை விரலால் லேசாகத் தொட்டால் இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது பார்க்கலாம்.

சந்தேகம் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு வந்தேறி தப்பிப் போனால் நாளைக்குப் பிடிக்கலாம், உள்ளூர் நத்தையைக் கொன்றால் கொன்றதுதான்.

முதலில் தரையைப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற இடம் இது. இந்தக் காட்டில் நத்தை இல்லாத காலத்தில் அதற்குத் தடையாக இருந்தது யார், அவர் இப்போது எங்கே? அதைக் கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஆயுசுக்கும் பொறுக்கிக்கொண்டே இருக்கலாம்.

கிறிஸ்துமஸ் தீவு இதற்கு நல்ல உதாரணம். ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவு, சுமார் 135 சதுர கிலோமீட்டர். எரிமலை அடித்தளத்தின் மேல் சுண்ணாம்புக்கல் மூடி, அதன்மேல் மழைக்காடு. கோடிக்கணக்கான சிவப்பு நில நண்டுகள் அங்கே தரையைப் பெருக்கி வைத்திருக்கும், விழுந்த இலை, முளைத்த நாற்று எதையும் விட்டுவைக்காது. ராட்சத நத்தை அந்தத் தீவுக்கு வந்து வெகுகாலம் ஆகியும் நண்டு இருந்த காட்டுக்குள் அதால் கால் ஊன்ற முடியவில்லை. உள்ளே நுழைந்தவற்றை நண்டுகள் உடைத்துத் தின்றுவிட்டன. 1991இலேயே லேக், ஓடவுட் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் வந்தது மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. அதுவும் வெளியிலிருந்து புகுந்ததுதான், வெகுநாள் அடங்கியே இருந்தது. 1989இல் முதல் பெருங்கூட்டம் கண்ணில் பட்டது, தொண்ணூறுகளின் கடைசியில் காடெங்கும் பரவியது. மரத்தில் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீர்தான் அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு. எறும்பு ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், நண்டின் கண்ணிலும் மூட்டிலும் பட்டுக் குருடாகி அது சாகும். லட்சக்கணக்கில் இல்லை, கோடிக் கணக்கில் செத்தன. நத்தை அந்த எறும்புகளின் நடுவே சௌகரியமாகப் பிழைத்தது. எறும்புப் பெருங்கூட்டம் இருக்கும் இடத்தில் நத்தை நுழைந்து நிலைப்பதற்கான வாய்ப்பு 250 மடங்குக்கும் மேல் என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2016 டிசம்பரில் அங்கே மலேசியாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், நத்தையைப் பிடிக்க அல்ல, செதில் பூச்சியைத் தாக்க. செதில் பூச்சி குறைந்தால் எறும்பு குறையும், எறும்பு குறைந்தால் நண்டு திரும்பும், மீதியை நண்டு பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு.

உங்கள் காட்டில் நண்டே இல்லாமல் இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது. ஆகவே பகலில் ஒரு முறை நத்தையைத் தேடாமல் நடந்து பாருங்கள். இலைச்சருகு எவ்வளவு ஆழம் என்று ஒரு குச்சியைக் குத்தி அளவெடுங்கள். நண்டு வளைகள் இருந்தால் வாயில் புது மண் தள்ளியிருக்கிறதா, சிலந்தி வலை பின்னியிருக்கிறதா என்று பாருங்கள். வலை இருந்தால் அந்த வளைக்கு ஆள் இல்லை. மரத்தடியில் எறும்பு ஓட்டம் எப்படி, சாலை, பழைய குவாரி, குப்பை மேடு எவ்வளவு தூரம், இதையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நத்தைக் கணக்கை அதன்மேல் வைத்துப் பார்க்கும்போது, எங்கே பொறுக்கினால் பயன், எங்கே வீண் என்று தெரியும்.

காலி ஓடுகளும் பேசும். வாய் விளிம்பிலிருந்து துண்டு துண்டாக உடைந்திருந்தால் நண்டின் வேலையாக இருக்கலாம். ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடத்தோடு கொறித்திருந்தால் எலி. சேதமே இல்லாமல் முழுசாகக் கிடந்தால் தானாகச் செத்ததோ, வேறு ஏதேனும் உள்ளே புகுந்து தின்றதோ. ஒரு ஓட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஐம்பது ஓட்டைப் பொறுக்கிப் பிரித்துப் பாருங்கள்.

ராத்திரி எண்ணிக்கை

மழை விட்ட ராத்திரிதான் சரியான நேரம். காய்ந்த வாரத்தில் போய்ப் பூஜ்யம் என்று எழுதி வருவதில் அர்த்தமில்லை. நத்தை அங்கேயேதான் இருக்கும், வாயை மூடிக்கொண்டு.

50 மீட்டர் கயிறு ஒன்று, 1 மீட்டர் குச்சி ஒன்று. கயிற்றைப் பகலிலேயே கட்டிவிடுங்கள். ராத்திரியில் சுண்ணாம்புக்கல் முனைகளுக்கு நடுவே கயிறு இழுக்கப் போய் என் முழங்காலில் ஒரு நிரந்தர அடையாளம் இருக்கிறது. கல் ரம்பம் மாதிரி இருக்கும், சருகுக்குக் கீழே பள்ளம் இருக்கும், கால் வைக்கும் முன் குச்சியால் தட்டுங்கள். கயிற்றின் இரு பக்கமும் 1 மீட்டர் அகலத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும், ஆக ஒரு கயிற்றுக்கு 100 சதுர மீட்டர். அதைத் தாண்டி எவ்வளவு பெரிய நத்தை உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் சேராது. ஆசை விடாது, தெரியும். விட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டு பேர் போங்கள். ஒருவர் தேட, ஒருவர் எழுத. எழுதுகிறவர் கையுறை போட வேண்டாம், ஆனால் நத்தையைத் தொடவே கூடாது, அப்போதுதான் நோட்டும் பேனாவும் சுத்தமாக இருக்கும். ஒரு கயிற்றுக்கு நாங்கள் 40 நிமிடம் எடுத்துக்கொள்வோம். அதைவிட வேகமாகப் போனால் குட்டிகள் தப்பிவிடும். டார்ச்சை நெற்றியில் கட்டியிருந்தாலும் கையிலும் ஒன்று வைத்துக்கொண்டு, தரைக்குச் சாய்வாக அடியுங்கள். சளித்தடம் வெள்ளி ஜரிகை மாதிரி மின்னும், அது எந்தப் பக்கம் புதுசோ அந்தப் பக்கம் நத்தை. தரையோடு நிறுத்தாமல் மரத்தண்டிலும் தலை உயரம் வரை பாருங்கள்.

ஓடு கண்ணில் பட்டால் திருப்பிப் பாருங்கள். சதை இருந்தால் நத்தை, கால் இருந்தால் நண்டு. முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். அதோடு வாய் விளிம்பையும் பாருங்கள். வளர்கிற நத்தையில் விளிம்பு காகிதம் போல் மெல்லிசாக, அழுத்தினால் நொறுங்குகிற மாதிரி இருக்கும். வளர்ந்து முடிந்ததில் தடித்து மழுங்கியிருக்கும். நீளம் பொய் சொல்லலாம், விளிம்பு சொல்லாது. மெல்லிசு விளிம்பு நிறைய வந்தால் அந்த இடத்தில் அண்மையில் முட்டை பொரித்து வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பகலில் தேடுவது

பகலில் அது கல் வெடிப்பிலும் வேர் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வறட்சியில் வாயை வெள்ளைச் சுண்ணாம்புத் திரையால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். இடுக்கில் கையை விடாதீர்கள், பாம்போ பூரானோ முன்பதிவு செய்திருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்து, நீளமான இடுக்கியால் எடுங்கள். வளர்ந்த நத்தைகள் மேய்ந்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும் பழக்கம் உள்ளவை. ஓர் இடுக்கில் ஆறு ஏழு இருந்தால் அதை வரைபடத்தில் குறித்து வையுங்கள், காலி செய்தபிறகும் போய்ப் பாருங்கள்.

பாசி படர்ந்த கல்லை உற்றுப் பார்த்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். பச்சைப் படலத்தின் நடுவே வெளிறிய பாதை, அதற்குள் நெருக்கமாக வளைந்து வளைந்து கீறல்கள். நத்தை நாக்கின் அரம் சுரண்டிய தடம் அது. ஒருமுறை பிடித்ததை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், அமைதியான அறையில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சத்தம். காலையில் பெட்டியில் ஓட்டை.

முட்டை மிளகளவு, மங்கிய மஞ்சள், ஈர மண்ணில் இலைக்கடியில் குவியலாக இருக்கும். ஒரு தடவைக்கு 100இலிருந்து 400 வரை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும்தான். ஒருமுறை இணைந்து வாங்கிய விந்தைப் பல மாதம் சேமித்து வைத்து மறுபடி மறுபடி முட்டையிடும். அதனால்தான் தப்பிய ஒன்றும் ஒன்றுதான் என்று விட முடியாது. ஃபிளாரிடாவில் 1966இல் ஒரு பையன் ஹவாயிலிருந்து மூன்று நத்தையைக் கொண்டுவந்தான், அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருடத்தில் சுமார் 18,000. ஒழித்து முடிக்க 1975 ஆனது.

குறியிட்டு எண்ணுவது

கயிற்றுக் கணக்கு அடர்த்தியைச் சொல்லும், மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு நெயில் பாலிஷ் போதும். ஓட்டைத் துடைத்துக் காயவைத்து ஒரு பொட்டு. காயாமல் வைத்தால் சளியில் வழிந்துவிடும். முதல் ராத்திரி 40க்குப் பொட்டு வைத்து விட்டுவிடுகிறீர்கள். சில நாள் கழித்து 50 பிடிக்கிறீர்கள், அதில் 10இல் பொட்டு. அப்படியானால் 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுங்கள்: சுமார் 200. பிடித்ததைத் திரும்ப விடவே கூடாது என்று சட்டம் இருக்கும் இடத்தில் இது நடக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுப்பதும் அழிப்பதும்

மூடி இறுகிய வாளி வேண்டும். சும்மா வைத்த மூடியை நான்கைந்து நத்தைகள் சேர்ந்து தூக்கிவிடும். ஒரு தடவை வண்டியின் பின்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் இருக்கையிலும் கண்ணாடியிலும் கூரையிலும் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. எண்ணி வைத்திருந்ததால் ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. அதை இருக்கைக்கு அடியில் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்.

மிதித்து நசுக்காதீர்கள். உடம்புக்குள் இருக்கும் முட்டை சிதறும், சதைக்கு எலி வரும். இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி 48 மணி நேரம் உறைபெட்டியில் வைப்பதுதான் நாங்கள் செய்வது. முட்டையும் அப்படியே. காலி ஓட்டைக் காட்டில் கவிழ்த்து வைக்காமல் விட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும், வெளியே எடுத்துவந்து நொறுக்கிவிடுங்கள். துறவி நண்டு குடியிருப்பதை மட்டும் தொடாதீர்கள்.

நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தையைக் கொண்டுவந்து விடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1977இல் பசிபிக்கிலுள்ள மூரியா தீவில் ரோஜா ஓநாய் நத்தையை அப்படித்தான் விட்டார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டுத் தீவின் சொந்த பார்டுலா மரநத்தைகளைத் தின்றது, பத்து வருடத்தில் காட்டில் அவை கிட்டத்தட்ட ஒழிந்துபோயின. நியூகினித் தட்டைப்புழுவும் பசிபிக் தீவுகளில் இதே வேலையைத்தான் செய்தது. கேட்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், இரண்டாம் முறை கேட்கமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

எலியின் நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியின் குட்டிப்பருவம் இந்த நத்தைக்குள் வளரும். மனிதனுக்குள் போனால் மூளைச்சவ்வைத் தாக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையோடு தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் தவறு. எங்கள் குழுவில் எல்லோரும் மறந்து செய்வது கையுறையோடு செல்போன் எடுப்பது, அப்புறம் அதையே காதில் வைப்பது. போனைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டுக்குப் போனதும் பையைத் தூக்கி எறியுங்கள். சில வாரங்களுக்குள் கடும் தலைவலியும் கழுத்து இறுக்கமும் வந்தால் டாக்டரிடம் நத்தையைத் தொட்ட விஷயத்தை நீங்களே சொல்லுங்கள், அவருக்குக் கேட்கத் தோன்றாது.

கிளம்பும் முன் காலணியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பள்ளத்து மண்ணில் முட்டை ஒட்டியிருக்கும், மிளகளவுதான், மண்ணோடு மண்ணாகத் தெரியாது. அங்கேயே பிரஷ் போட்டுத் தேய்த்து விழ வையுங்கள். வாளியின் அடி, கயிற்றுச் சுருள், வண்டியின் மிதியடி, எல்லாவற்றையும் அதே இடத்தில். கயிறு கட்டிய மரங்களில் அடையாளத்துக்குக் கட்டிய ரிப்பனை மட்டும் அவிழ்க்காதீர்கள். அடுத்த மழைக்கு அதே 50 மீட்டரில் மறுபடி எண்ண வேண்டும்.